வின்செஸ்டருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டலாமா?

அமெரிக்காவில் அக்டோபர், நவம்பர் வந்துவிட்டால் மான் வேட்டை சீசன். கிராமத்து வீடுகளில் பீரோவுக்குள் இருந்து தாத்தாவின் துப்பாக்கி வெளியே வரும். பல வீடுகளில் அது வின்செஸ்டர் மாடல் 94. கௌபாய் படம் பார்த்தவர்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் உருவம் தெரியும். விசைக்குக் கீழே ஒரு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் ‘க்ளிக்-க்ளாக்’, அடுத்த தோட்டா தயார். தாத்தா காலமான பிறகு அது பேரன் கைக்கு வருகிறது. பேரன் முதலில் என்ன செய்கிறான்? அதன் தலையில் ஒரு ஸ்கோப் மாட்டப் பார்க்கிறான்.

மாட்டக் கூடாது என்றில்லை. ஆனால் எந்த ஸ்கோப் என்று நாலு மாதம் யோசிப்பவன், அதைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிக்கிற மவுண்ட்டை நாலு நிமிடத்தில் வாங்கிவிடுகிறான். தப்பு அங்கேதான் ஆரம்பம். மாடல் 94 விஷயத்தில் அந்தத் தப்பைத் திருத்தவும் முடியாது.

(நம் ஊரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அது நல்லதுதான். ஆகவே இது முழுக்க அந்த ஊர்க் கதை.)

வின்செஸ்டர் என்ற பெயருக்குச் சொந்தக்காரர் துப்பாக்கி செய்பவரே இல்லை. ஆலிவர் வின்செஸ்டர் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் சட்டை தைத்து விற்றவர். நொடித்துப் போன ஒரு துப்பாக்கிக் கம்பெனியை 1857-ல் கைப்பற்றினார். அங்கிருந்து 1860-ல் ஹென்றி ரைஃபிள் வந்தது, 1866-ல் வின்செஸ்டர் ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் கம்பெனி வந்தது. சட்டைக்காரர் என்றாலும் நல்ல மூளைகளை அடையாளம் காணும் வழக்கத்தைக் கம்பெனியில் விதைத்துவிட்டுப் போனார். அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1883-ல், யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊர்க்காரரான ஜான் பிரவுனிங்கிடம் இருந்து கம்பெனி ஒரு வடிவமைப்பை விலைக்கு வாங்கியது. அடுத்த சில வருடங்களில் 1886, 1892, 1894 என்று வரிசையாக வந்த மாடல்கள் எல்லாம் அந்த ஒரே மனிதரின் தலையில் உதித்தவை.

மாடல் 94 முதலில் பழைய கரும்மருந்துத் தோட்டாக்களோடுதான் வந்தது. மறு வருடம், 1895-ல், புகையற்ற வெடிமருந்து அடைத்த 30-30 தோட்டா சேர்ந்துகொண்டது. அவ்வளவுதான், பிய்த்துக்கொண்டு ஓடியது விற்பனை. பத்து லட்சமாவது துப்பாக்கி 1927-ல் ஜனாதிபதி கூலிட்ஜுக்கும், இருபது லட்சமாவது 1953-ல் ஐசன்ஹோவருக்கும் பரிசாகப் போயின. இதுவரை செய்யப்பட்டவை 70 லட்சத்துக்கும் மேல்.

சரி, பிரச்சினை என்ன? சுட்ட பிறகு மிஞ்சும் காலிக் கூட்டை இந்தத் துப்பாக்கி நேரே மேல்நோக்கித் துப்புகிறது. 1894-ல் அது ஒரு குறையே இல்லை. மேலே காற்றுதான் இருந்தது. இன்று அதே இடத்தில்தான் ஸ்கோப் உட்கார வேண்டும். உட்கார வைத்தால் காலிக் கூடு அதன் அடிவயிற்றில் மோதித் திரும்பி உள்ளேயே விழும். லீவர் பாதியில் சிக்கும். எதிரே மான் நின்றுகொண்டிருக்கும்.

இதற்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் முதல் மருந்து பக்கவாட்டு மவுண்ட். ஸ்கோப்பைக் குழலுக்கு நேர் மேலே வைக்காமல் இடது பக்கம் தள்ளி வைப்பது. கூடு தடையில்லாமல் வெளியேறும், உண்மை. ஆனால் கண் பார்க்கும் கோடும் குண்டு போகும் கோடும் இப்போது பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஸ்கோப் குழலுக்கு ஒரு அங்குலம் இடப்பக்கம் இருக்கிறது, இரண்டு கோடும் 100 கஜத்தில் சந்திக்கும்படி திருகி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 50 கஜத்தில் குண்டு குறிக்கு அரை அங்குலம் வலப்பக்கம் விழும். 200 கஜத்தில் ஒரு அங்குலம் இடப்பக்கம். பத்தாம் வகுப்பு ஜியோமெட்ரிதான். அரை அங்குலத்தில் மான் தப்பிவிடாது. அதைவிடப் பெரிய தொல்லை கன்னம். கட்டையில் பதிய வேண்டிய கன்னத்தை எடுத்து இடப்பக்கம் சாய்த்து, கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டும்.

கன்னம் என்ன அத்தனை முக்கியமா என்று கேட்கலாம். என்.சி.சி. முகாமில் சுட்டவர்களுக்குத் தெரியும், கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் பதியாவிட்டால் கண்ணும் ஒரே இடத்தில் இருக்காது. கண் நகர்ந்தால் குறியும் நகரும். மாடல் 94-ன் பின்கட்டை தாழ்வாகச் செதுக்கப்பட்டது. காரணம், குழலை ஒட்டியிருக்கும் சின்ன இரும்புக் குறிகளைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட கட்டை அது. அதற்கு மேலே ஒன்றரை அங்குல உயரத்தில் ஸ்கோப்பை வைத்தால் கன்னம் அந்தரத்தில் தொங்கும், தாடைதான் கட்டையில் படும்.

இந்தக் கொடுமையை இன்னும் கொஞ்சம் கூட்ட ஒரு மவுண்ட் இருக்கிறது. ஸ்கோப்பை உயரத்தில் நிறுத்தி, அடியில் சுரங்கம் மாதிரி ஒரு வழி விட்டிருப்பார்கள். வேண்டுமென்றால் ஸ்கோப், வேண்டாமென்றால் சுரங்கம் வழியாகப் பழைய குறி. கேட்கப் பிரமாதம்! நடைமுறையில், மான் புதரில் இருந்து வெளியே வரும் அந்த இரண்டு வினாடியில் மேலே பார்ப்பதா, கீழே பார்ப்பதா என்று தலை ஆடிக்கொண்டிருக்கும். எந்த விலைக்கும் வாங்கத் தேவையில்லாத சாமான் அது.

மூன்றாவது வழி கொஞ்சம் புத்திசாலித்தனமானது. ஸ்கோப்பை ரிசீவரை விட்டு முன்னால் தள்ளி, குழலின் மேல் வைப்பது. ஜெஃப் கூப்பர் 1980-களில் ‘ஸ்கவுட் ரைஃபிள்’ என்று பிரபலப்படுத்திய யோசனை இது. கண்ணில் இருந்து தூரமாக வைத்துப் பார்ப்பதற்கென்றே செய்த, இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு மட்டும் பெரிதாக்கும் ஸ்கோப் வேண்டும். கூடு போக வழி திறந்தே இருக்கும், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே சுடலாம். பின்னாலிருந்து சூரியன் அடித்தால் மட்டும் லென்ஸ் பளபளத்துக் குறி மறையும். மான்கள் நடமாடுவது சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும்தான் என்பது இந்த யோசனைக்கு ஒரு துரதிர்ஷ்டம்.

கம்பெனிக்கே இதெல்லாம் தெரியாமல் இல்லை. போட்டிக் கம்பெனியான மார்லின் 1889-லேயே காலிக் கூட்டைப் பக்கவாட்டில் தள்ளும் துப்பாக்கியை விற்க ஆரம்பித்துவிட்டது. வின்செஸ்டர் கிட்டத்தட்ட நூறு வருடம் யோசித்து, 1980-களின் தொடக்கத்தில், கூட்டை வலப்பக்கமாகச் சாய்த்துத் தள்ளும் ‘ஆங்கிள் எஜெக்ட்’ வகையைக் கொண்டுவந்தது. இதில் ஸ்கோப்பை நேர் மேலேயே வைக்கலாம். பின்னால் நிற்கும் ஹாமரைக் கட்டைவிரலால் இழுக்க ஸ்கோப் இடைஞ்சல் என்பதால், ஹாமரில் பக்கவாட்டாக ஒரு சின்னக் கொம்பைத் திருகிக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டால் குளிரில் கையுறை போட்ட விரல் வழுக்கும். விசை பாதியில் நழுவி வெடித்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆங்கிள் எஜெக்ட் வைத்திருப்பவருக்கு மவுண்ட் தேர்வு சுலபம். எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வு. முன் லென்ஸ் 20 மில்லிமீட்டரே உள்ள சின்ன ஸ்கோப் என்றால் மிகத் தாழ்ந்த வளையங்களே போதும். கடையில் பளபளக்கும் ஒன்பது மடங்கு, 40 மில்லிமீட்டர் ஸ்கோப்பை இதில் ஏற்றுவது சைக்கிளில் லாரி ஹெட்லைட் கட்டுகிற மாதிரி. 100 கஜத்துக்குச் சரிசெய்த 30-30 குண்டு 200 கஜத்தில் சுமார் 8 அங்குலம் கீழே இறங்கிவிடுகிறது. கண்ணாடி தூரத்தைக் காட்டும், குண்டு அங்கே போய்ச் சேர வேண்டுமே! நெஞ்சைக் குறிவைத்தால் காலில் படும். அடிபட்ட மான் ஓடும். ராத்திரி முழுக்கக் காட்டுக்குள் எங்கோ கிடந்து சாகும். தேடிப் போகிறவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு. மவுண்ட் தளர்ந்து குறி நகர்ந்தாலும் இதேதான் நடக்கும்.

தளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பேறித்தனம். ஸ்க்ரூவிலும் துளையிலும் உள்ள எண்ணெயைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். அடித்தட்டு ரிசீவரில் ஆடாமல் உட்கார்கிறதா என்று ஸ்க்ரூ போடும் முன்பே பார்க்க வேண்டும். நீளம் அதிகமான ஸ்க்ரூ உள்ளே நீட்டிக்கொண்டு போல்ட்டை உரசும். வளையத்தைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் ஸ்கோப்பின் உடம்பு நசுங்கும். பிறகு திடலில் இருபது தோட்டா செலவழித்து, மறுபடி ஒரு முறை ஸ்க்ரூக்களைப் பார்க்க வேண்டும். இந்த இருபது தோட்டாவில் கஞ்சத்தனம் காட்டுகிறவர் வேட்டைக்குப் போகாமல் இருப்பது உத்தமம்.

மிச்சம் இருப்பது தாத்தாவின் துப்பாக்கி. 1964-ல் செலவைக் குறைக்க வின்செஸ்டர் தன் துப்பாக்கிகளின் செய்முறையை மாற்றியது. அதற்கு முந்தியவற்றைச் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதில் ஒரு டிரில் பிட் இறங்கினால் போதும், விலை மளமளவென்று சரியும். பற்றவைத்து அடைத்தாலும் தழும்பு தெரியும். ஆனாலும் ஸ்கோப் கேட்பவர்கள் எல்லோரும் ஆடம்பரத்துக்குக் கேட்கவில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிய கண்ணுக்குப் பின்குறியின் பள்ளம், முன்குறியின் முனை, எதிரே மான் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது. அந்தக் கண்ணுக்கு ஏற்றது துளைக்குறி. கண்ணுக்குப் பக்கத்தில் சின்ன வட்டத் துளை, அதன் வழியே முன்குறி. மூன்றுக்குப் பதில் இரண்டைப் பார்த்தால் போதும். லைமன், வில்லியம்ஸ் கம்பெனிகள் இதைப் பல காலமாகச் செய்கின்றன. பல பழைய 94-களில் ரிசீவரின் இடப்பக்கத்திலோ பின்வாலிலோ இதற்கான துளை தொழிற்சாலையிலேயே போடப்பட்டிருக்கிறது. கன்னமும் கட்டையிலேயே பதியும்.

அதுவும் போதாது, ஸ்கோப்தான் வேண்டும் என்றால் தாத்தாவுடையதை அப்படியே பீரோவில் வைத்துவிட்டு வேறொன்று வாங்கலாம். நியூ ஹேவன் தொழிற்சாலை 2006-ல் மூடப்பட்டது. இப்போது வரும் மாடல் 94 ஜப்பானில் கோச்சி மாவட்டத்து மிரோக்கு கம்பெனியின் தயாரிப்பு (நம்ம கொச்சி இல்லை!). ஸ்கோப்புக்கான துளையும் மரையும் மேலே போட்டே வருகிறது. அல்லது மார்லின் 336. அந்தக் கம்பெனியை ரூகர் 2020-ல் வாங்கி, 2023-ல் அந்த மாடலை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. தட்டையான மேல்பக்கம், பக்கவாட்டில் போகும் கூடு. தாழ்வான மவுண்ட் ஒன்றை வைத்து முறுக்கினால் வேலை முடிந்தது.