குழந்தையின் பொம்மையைப் பறிக்கலாமா?



புதிய கல்வியாண்டின் முதல் வாரத்தில், பாலர் வகுப்பு வாசலில் ஆண்டுதோறும் ஒரே காட்சிதான். தாயின் கையை விட மறுத்து அழும் குழந்தைகள். சன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கும் பெற்றோர்கள். அக்கூட்டத்தில் ஓரிரு குழந்தைகள் மட்டும் அழாமல் வருவார்கள். உற்றுப் பார்த்தால், அவர்களின் கையில் காதறுந்த முயலோ கண் கழன்ற கரடியோ இருக்கும்.

அந்தப் பொம்மையை நாம் என்ன செய்கிறோம்? இதைப் பற்றிப் பேசுமுன் என் தவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பிற்கு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். வீட்டில் பெற்றோர் பேசுவது ஆங்கிலம். பாட்டி பேசுவது தமிழ். கையில் பஞ்சு முயல் ஒன்று. "பள்ளிக்கூடத்திற்குப் பொம்மை கொண்டு வரக்கூடாது" என்று சொல்லி, அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பள்ளி விடும்போதுதான் திருப்பிக் கொடுப்பேன். அவள் அழவில்லை. 'பழகிக்கொண்டாள்' என்று மகிழ்ந்தேன்.

ஆனால், அவள் பேசவும் இல்லை. வாரங்கள் கடந்தும் வாய் திறக்கவில்லை. ஓய்வு நேரத்தில் அலமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருப்பாள். 'தமிழில் பேச்சுத்திறன் மிகக் குறைவு' என்று அவளைப் பற்றிக் குறிப்பும் எழுதிவிட்டேன்.

ஒருநாள் வண்ணத்தாள் எடுக்க அலமாரியைத் திறந்தவள், மூட மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் உள்ளே தலையை நீட்டி, முயலிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பயப்படாத. மணி அடிச்சதும் பாட்டி வந்துருவாங்க. நான் இங்கதான் இருக்கேன்."

பிழையில்லாத, தெளிவான தமிழ்! முதல் நாளன்று நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய சொற்களை, அவள் தன் முயலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

அறிஞர்கள் கூறுவது

இங்கிலாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், 1953-இல் வெளியான தம் கட்டுரையில் இத்தகைய பொருள்களை 'இடைநிலைப் பொருள்' என்று குறிப்பிட்டார். தாயோடு ஒன்றியிருந்த குழந்தை, தான் வேறு தாய் வேறு என்று உணரத் தொடங்கும் காலத்தில் அப்பொருள் ஒரு பாலமாகிறது. தாய் அருகில் இல்லாதபோது தாயின் அமைதியைத் தருகிறது. இது நோயன்று, இயல்பான வளர்ச்சி என்பதே அவர் கருத்து.

அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1958-இல் வெளியிட்ட ஆய்வும் நினைவுகூரத்தக்கது. தாயைப் பிரிந்த குரங்குக் குட்டிகளுக்கு இரு 'தாய்கள்' வைக்கப்பட்டன. ஒன்று வெறும் கம்பியால் ஆனது; மற்றொன்று மென்துணி போர்த்தியது. கம்பித் தாயிடமிருந்தே பால் கிடைத்தபோதும், குட்டிகள் பெரும்பாலான நேரம் துணித் தாயையே கட்டிக்கொண்டிருந்தன. பசி தீர்ந்தால் மட்டும் போதாது. அணைத்துக்கொள்ள மென்மையான ஒன்றும் வேண்டும்.

புரூஸ் ஹூட், பால் புளூம் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. எந்தப் பொருளையும் அப்படியே நகலெடுக்கும் இயந்திரம் என்று ஒரு பெட்டியைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டினார்கள். உறங்கும்போது கூடவே வைத்துக்கொள்ளும் பொம்மையை நகலெடுக்கச் சில குழந்தைகள் சம்மதிக்கவே இல்லை. சம்மதித்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் பழைய பொம்மையே வேண்டும் என்றனர். 'இது அழுக்கு, புதிதாக வாங்கித் தருகிறேன்' என்னும் நம் பேரம் ஏன் எடுபடுவதில்லை என்பது இப்போது புரிகிறதல்லவா?

இதை அறிய ஆய்வேடும் தேவையில்லை. நம் நாட்டில் மலாய்க்காரர்கள் 'பந்தால் பூசோக்', அதாவது நாற்றத் தலையணை, என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளிலும் அம்மாவின் பழைய சேலைத் துணியை முகர்ந்தால்தான் உறங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த மணமே அதன் உயிர். துவைத்தால் குழந்தையின் அனுபவத் தொடர்ச்சி அறுபடுகிறது என்று வின்னிகாட்டும் எழுதியிருக்கிறார்.

எழும் ஐயங்கள்

"ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களே?" கேட்கட்டுமே! முதல் சில வாரங்கள் அனைவரும் கொண்டு வரட்டும். தேவையற்றோர் தாமாகவே விட்டுவிடுவர்.

"தூய்மை?" துவைக்கலாம். ஆனால், குழந்தையிடம் சொல்லி, அதன் கண்முன்னே துவைத்துக் காயவைக்க வேண்டும். திருட்டுத்தனமாகத் துவைப்பதும், உறங்கும்போது குப்பையில் எறிவதும் நம்பிக்கைத் துரோகம்.

"ஆண்பிள்ளைக்குப் பொம்மையா?" அச்சத்திற்கும் ஏக்கத்திற்கும் ஆண், பெண் என்ற பேதம் இல்லை.

"இப்படியே பழகிவிட்டால்?" பெரும்பாலான குழந்தைகள் மெல்ல மெல்லத் தாமே விலகுவார்கள். பறித்தால் விலகல் விரைவாது, ஏக்கமே மிகும். ஆனால், பொம்மை கையில் இருந்தும் குழந்தை நெடுநாள் ஒடுங்கியே இருந்தால், அக்காரணத்தைத் தேடுவது நம் கடமை.

நாம் செய்யக்கூடியவை

1. பொம்மையைப் பையிலோ, குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் அடுக்கிலோ வைக்க இடங்கொடுங்கள். வேண்டும்போது தொட்டுவர அனுமதியுங்கள்.

2. 'சாப்பிடாவிட்டால் கரடியை எடுத்துவிடுவேன்' என்று மிரட்டாதீர்கள். அதைத் தண்டனைக் கருவியாக்கக் கூடாது.

3. பொம்மையின் பெயரைக் கேளுங்கள். அது பசியாறியதா என்று கேளுங்கள். ஆசிரியரிடம் தமிழ் பேசக் கூசும் குழந்தை, தன் முயலுக்காகப் பேசும்.

மூன்றாவதை நான் பட்டறிந்து சொல்கிறேன். மறுநாள் முயல் அவள் மடியில் அமர்ந்தது. "உன் முயலுக்கு என்ன கதை பிடிக்கும்?" என்று கேட்டேன். முயலின் காதில் ஏதோ கேட்டுவிட்டு, "ஆமை ஜெயிக்காத கதை வேணுமாம்" என்றாள். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். ஆண்டிறுதிக்குள் முயல் வீட்டிலேயே தங்கிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

நான் எழுதிய குறிப்பை அடித்துத் திருத்தினேன். பேச்சுத்திறன் அவளிடம் குறைந்திருக்கவில்லை. கேட்கும் திறன்தான் என்னிடம் குறைந்திருந்தது.

பிள்ளைகளின் கையிலிருப்பதைப் பறிக்குமுன், அது என்னவென்று ஒருமுறை கேட்போமே!