அட்மிஷனுக்கு கட்-ஆஃப் எவ்வளவு டாக்டர்?

அட்மிஷன்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கட்-ஆஃப், கவுன்சலிங், ரேங்க் லிஸ்ட்... ஆஸ்பத்திரி அட்மிஷனுக்கும் கட்-ஆஃப் இருக்கு பாஸ்! ஒரே வித்தியாசம், இங்கே மார்க் குறைவா வாங்கினவர்தான் சந்தோஷமா வீட்டுக்குப் போவார்.

நிமோனியாவையே எடுத்துக்குங்க. சி.யூ.ஆர்.பி.-65 என்று ஒரு கணக்கு. 2003-ல் வந்தது. மொத்தம் அஞ்சே மார்க். நோயாளி குழம்பிப் பேசினால் 1, ரத்தத்தில் யூரியா ஏறியிருந்தால் 1, நிமிஷத்துக்கு 30 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் 1, பி.பி. இறங்கியிருந்தால் 1, வயசு 65 தொட்டிருந்தால் 1. (கடைசி மார்க்குக்கு நாம இன்னும் நாற்பத்தஞ்சு வருஷம் வெயிட் பண்ணணும்!) 0, 1 என்றால் பெரும்பாலும் மாத்திரையோடு வீடு. 2 என்றால் ஆஸ்பத்திரி. 3-ஓ அதற்கு மேலோ போனால் சீரியஸ்.

சரி, யூரியா பார்க்க லேப் வேணுமே? ராத்திரி ஒன்பது மணிக்கு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேபுக்கு எங்கே போறது? அதற்கும் வழி இருக்கு. 'யூ'வைத் தூக்கிட்டு சி.ஆர்.பி.-65. கண், காது, கைக்கடிகாரம், பி.பி. கருவி... இவ்வளவு போதும். ஆனா கட்-ஆஃப் மாறிடும். இங்கே ஒரு மார்க் வாங்கினாலே, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமான்னு டாக்டர் யோசிக்க ஆரம்பிச்சிடுவார்.

ஒரே ரிப்போர்ட், ரெண்டு தீர்ப்பு

ரெண்டு ஸ்டூடன்ட்ஸுக்கு டெங்கு என்று வெச்சுக்குவோம். ரத்த ரிப்போர்ட் அச்சு அசல் ஒண்ணு. ஒருத்தர் சென்னையில் அப்பா அம்மாவோடு இருக்கார். ஆட்டோ பிடிச்சா பத்து நிமிஷத்தில் ஜி.எச். இன்னொருத்தர் லீவுக்கு ஜவ்வாது மலையில் இருக்கிற சொந்த ஊருக்குப் போனவர். சென்னை டாக்டர், "பாராசிட்டமால் போடு, தண்ணி நிறைய குடி, தினமும் வந்து பிளட் டெஸ்ட் பண்ணிக்கோ" என்று அனுப்பிடுவார். மலையடிவார டாக்டர், "படுத்துக்கோப்பா, ரெண்டு நாள் இங்கேயே இரு" என்பார்.

யார் சொன்னது ரைட்டு? ரெண்டு பேருமே!

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட டெங்கு வழிகாட்டியில், யாரை அட்மிட் பண்ணணும் என்ற பட்டியலில் விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கர்ப்பம், சர்க்கரை நோய் எல்லாம் இருக்கு. அதே பட்டியலில், தனியாக வசிப்பவர், ஆஸ்பத்திரிக்குத் தூரமாக இருப்பவர் என்றும் இருக்கு. ஏன் தெரியுமா? டெங்குவில் ஆபத்து ஆரம்பிக்கிறதே காய்ச்சல் இறங்கும்போதுதான். 'அப்பாடா, விட்டுடுச்சு'ன்னு நாம நினைக்கிற அந்த ஒண்ணு ரெண்டு நாளில்தான் பி.பி. சரியலாம். அந்த நேரம் கடைசி பஸ் போயிருந்தா? அதனால் கிராமத்து டாக்டர் நோயை மட்டும் பார்ப்பதில்லை, பஸ் டைமையும் சேர்த்துப் பார்க்கிறார்.

வெச்சுக்கிறதா... அனுப்புறதா?

கிராமத்தில் இன்னொரு தலைவலி உண்டு. 'அட்மிட் பண்ணலாமா' என்பதைவிட, 'இங்கே வெச்சுக்கலாமா, அனுப்பிடலாமா' என்பதுதான் பெரிய கேள்வி. பாம்புக்கடி கேஸ் வருது. கையில் இருப்பது ஒரு சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய். கொஞ்சம் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் ஆடாமல் வெச்சு, சாய்ச்சுப் பார்க்கணும். உறையலைன்னா விரியன் விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம். உறைஞ்சிட்டாலும் உடனே அனுப்பிட மாட்டாங்க. 24 மணி நேரம் கண்காணிப்பு. கட்டுவிரியன் என்றால் கடித்த இடத்தில் வலிகூட இருக்காது. முதலில் கண் இமை சொருகும், அப்புறம் மூச்சே நிற்கலாம். வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் டாக்டர் செய்யக்கூடியது, விஷமுறிவு மருந்தை அங்கேயே ஆரம்பிச்சுட்டு 108-ல் ஏத்தி விடுறது.

சிட்டி கதை வேற

நகரத்தில் பெட், ஸ்கேன், ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் கைக்கெட்டும் தூரம். தைரியமா வீட்டுக்கு அனுப்பலாம். ஆனா அங்கே வேற காத்து அடிக்குது. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பெரும்பாலும் 24 மணி நேரம் அட்மிட் ஆனால்தான் க்ளெய்ம். "ஒரு நாள் சேர்த்துக்குங்க டாக்டர்"னு கேட்கிறது சில நேரம் நாமளேதான்!

பெட் இருந்தா நிரம்பும் என்பதும் பழைய கதை. மில்டன் ரோமர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1959-லேயே இதைக் கண்டுபிடிச்சிட்டார். 1980-களில் ஜான் வென்பர்க் குழு பாஸ்டனையும் நியூ ஹேவனையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒண்ணு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி ஊர், இன்னொண்ணு யேல் பல்கலைக்கழக ஊர். பாஸ்டனில் பெட்டும் அதிகம், அட்மிஷனும் அதிகம். ஆனா இறப்பு விகிதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்!

அதுக்காக அட்மிட் ஆகச் சொன்னாலே சந்தேகப்படாதீங்க. டாக்டர்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க. வீட்டுக்கு அனுப்பினால், "என்ன ஆனா உடனே திரும்பி வரணும்?" அட்மிட் பண்ணினால், "வீட்டில் செய்ய முடியாத எதை இங்கே செய்யப் போறீங்க?" நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

முக்கியமா, ஹாஸ்டல்வாசிகளே! ரூம்மேட்ஸ் எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க, ராத்திரி வண்டி கிடைக்காது என்றால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிடுங்க. "ஃப்ரெண்ட்ஸ் பார்த்துக்குவாங்க டாக்டர்"னு பந்தா பண்ணாதீங்க. நீங்க தனியா இருக்கீங்க என்கிற விஷயம் எந்த பிளட் டெஸ்டிலும் தெரியாது!