ஓரி நாணினான்

சால்வையைத் திட்டி நான் எழுதுவது இது முதல் முறை இல்லை. 'உமக்கு எவரும் போர்த்தவில்லை, அந்த வயிற்றெரிச்சல்' என்று சேந்தமங்கலத்து வாசகர் ஒருவர் போன முறையே கார்டு போட்டுவிட்டார். இருக்கட்டும். இந்த வாரம் கீழ்நாட்டில் ஒரு விளையாட்டுப் பரிசளிப்பு விழாவில் போய் மாட்டிக்கொண்டேன். மேடையில் இருந்தவர்கள் மேடையில் இருந்தவர்களுக்கே மாறி மாறிப் போர்த்தினார்கள். ஓடி ஜெயித்த பிள்ளைகள் பந்தலுக்கு வெளியே வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள். காலையில் சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போட்ட மனிதரைத் தேடினேன். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த எரிச்சலோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தால் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. ஆடிப் பதினெட்டுக்கு மலையே திரண்டிருக்கிறது. வில்வித்தைப் போட்டியைப் பார்த்தேன். அம்பு விட்ட பையன் குறி பட்டதா என்று பார்ப்பதற்குள் கூட்டம் கத்திவிட்டது. மனசு ஆறிற்று.

இந்த மலையை ஆண்ட ஓரி என்றதும் எல்லாரும் அந்த ஒற்றை அம்பைத்தான் சொல்வார்கள். யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பு என எல்லாவற்றையும் துளைத்த அம்பு. வன்பரணர் பாடிய புறநானூறு 152-இல் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. பாணர் கூட்டம் காட்டில் ஒரு வேட்டுவனைப் பார்க்கிறது. ஆள் யாரென்று நிச்சயமில்லை. இருந்தாலும் பாடுகிறார்கள். பாட்டில் 'கோ', அதாவது அரசே, என்று விளித்ததும் அவன் நாணுகிறான், அது தன் பெயராயிற்றே. பிறகு வேட்டையில் கிடைத்த மான்கறியைக் கொடுக்கிறான், மதுவைக் கொடுக்கிறான், தன் மலைப் பொன்னையும் மணியையும் கலந்து அள்ளிக் கொடுக்கிறான். புகழைக் கேட்டுக் கூச்சப்பட்ட மனிதனின் மலையில் குடியிருந்துகொண்டு நான் சால்வையைத் திட்டாமல் வேறென்ன செய்வது?

சரி, எல்லாப் பாராட்டும் மோசமில்லை. அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர்களின் அமெச்சூர் சாஃப்ட்பால் சங்கம் ஒன்று இருக்கிறது. பேஸ்பாலின் தங்கை மாதிரியான ஆட்டம்; நம் கல்லூரிகளிலும் ஆடுகிறார்கள். 1977 முதல் தொடர் நடத்துகிறார்கள். அந்தச் சமூகத்தின் ஆட்டத்துக்காக உழைத்தவர்களைத் தேர்ந்து புகழவையில் சேர்த்துக் கௌரவிக்கிறார்கள். வேறு எவரும் கௌரவிக்காத காலத்தில் தொடங்கியது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த சங்கதி. அதே 1977 அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் டஸ்டி பேக்கர் ஹோம் ரன் அடித்துவிட்டு ஓடி வர, எதிரே க்ளென் பர்க் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி நின்றார். பேக்கர் அதில் ஓங்கித் தட்டினார். உலகத்தின் முதல் ஹை-ஃபைவ் அதுதான் என்பார்கள். பர்க் தன்பாலீர்ப்பாளர். அடுத்த ஆண்டே டாட்ஜர்ஸ் அவரை வேறு அணிக்குத் தள்ளிவிட்டது. 1980-க்குள் பேஸ்பாலே முடிந்துபோய், சான்பிரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பாளர் சாஃப்ட்பால் அணிகளில் ஆடினார். 1995-இல் இறந்தார். டாட்ஜர்ஸ் அவரைக் கௌரவித்தது 2022-இல்.

ஆனால் அந்தச் சாஃப்ட்பால் சங்கமும் சறுக்கியது. தன்பாலீர்ப்பு இல்லாதவர்கள் அணிக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது என்பது அப்போதைய விதி. 2008-இல் சியாட்டில் தொடரில் சான்பிரான்சிஸ்கோ அணி ஒன்று இறுதி ஆட்டம் வரை வந்தது. அந்த அணியின் மீது புகார் எழுந்தது. ஆட்டக்காரர்களை அறைக்குள் கூப்பிட்டு, ஒரு கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, அந்தரங்க ஆசைகளை விசாரித்து, ஓட்டெடுத்து மூன்று பேரைத் தகுதியற்றவர்கள் என்று தள்ளினார்கள். அணியின் இரண்டாம் இடம் போயிற்று. வழக்குப் போட்டார்கள். 2011-இல் சமரசமாகி, இரண்டாம் இடம் திரும்பக் கிடைத்தது.

நமக்கும் ஓர் இரண்டாம் இடம் உண்டு. 2006 டிசம்பர், டோஹா ஆசிய விளையாட்டு, பெண்கள் 800 மீட்டர். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த, செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன் நூலிழையில் வெள்ளி வாங்கினார். பிறகு அவரையும் ஓர் அறைக்குள் கூப்பிட்டார்கள். பாலினச் சோதனை. பதக்கம் பறிபோயிற்று. அந்தரங்கம் தொலைக்காட்சிச் செய்தியாயிற்று. சாந்தி தன்பாலீர்ப்பாளர் கணக்கில் வருபவர் அல்லர். பிறவியிலேயே உடற்கூறு வேறாக அமைந்தவர். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அறை மட்டும் ஒன்று.

அப்போதைய முதல்வர் கருணாநிதி, செய்தி வெளியான பிறகும், அறிவித்த 15 லட்சத்தை அவர் கையில் கொடுத்தார். அதைச் சொல்லியாக வேண்டும். சாந்தி அந்தப் பணத்தைக் கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். 2012-இல் அதே சாந்தி தினக்கூலி 200 ரூபாய்க்குச் சூளையில் செங்கல் சுமந்துகொண்டிருந்தார். பிறகு பெங்களூருவில் பயிற்சியாளர் படிப்பு. 2016-இல் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை. ஒடிசாவின் ஓட்டப்பந்தய வீராங்கனை டுட்டி சந்த், உடம்பைக் காட்டிப் பெண்களைத் தள்ளிவைக்கும் இப்படியொரு விதியை விளையாட்டு நடுவர் மன்றத்தில் எதிர்த்து 2015-இல் நிறுத்திவைக்க வைத்தார். 2019-இல் தன் ஊர்ப் பெண்ணைக் காதலிப்பதாக வெளிப்படையாகச் சொன்ன முதல் இந்திய வீராங்கனையும் அவர்தான். 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது சரியா தவறா என்பது தனிச் சண்டை. ஓடவிட்டு, ஜெயித்த பிறகு கூப்பிட்டு, உடம்பை ஊருக்குச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியது எந்த விதிப்படியும் சரியில்லை.

ஒரு பொழுதுபோக்கு சாஃப்ட்பால் சங்கம் மூன்று ஆண்டில் செய்ததை இந்திய ஒலிம்பிக் சங்கம் இத்தனை ஆண்டில் ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலிடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். விளையாட்டுச் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் வாசகர்கள் எவராவது இதைப் படித்தால், அந்த வெள்ளியைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள், இந்தப் பத்தியிலேயே போடுகிறேன்.