பிரிந்து போகிறவர்கள் மட்டும் வாக்களித்தால் போதுமா?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜ். அதன் தென்கிழக்குப் புறநகர் இப்போது செயின்ட் ஜார்ஜ் என்ற தனி நகரம். சுமார் 86 ஆயிரம் பேர் வாழும் அந்தப் பகுதியில் 2019 அக்டோபரில் வாக்கெடுப்பு நடந்தது. 54 விழுக்காட்டினர் தனி நகரம் வேண்டும் என்றனர். பேட்டன் ரூஜின் அப்போதைய மேயர் ஷரோன் வெஸ்டன் புரூம் வழக்குத் தொடுத்தார். விசாரணை நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் புதிய நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 2024 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம், நான்கு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமும் நிற்க, அந்தத் தீர்ப்புகளைப் புரட்டிப் போட்டது.

அம்மக்கள் முதலில் கேட்டது நகரம் அல்ல, பள்ளிக்கூடம். இங்கே போல மாநில அரசே ஆசிரியரை நியமித்துச் சம்பளம் தரும் ஏற்பாடு அங்கே இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்கள் நடத்தும் பள்ளி மாவட்டங்களே ஆசிரியர்களை அமர்த்துகின்றன. கட்டடங்களும் அவற்றுக்கே சொந்தம். மாநில நிதியோடு உள்ளூர் சொத்து வரியும் விற்பனை வரியும் சேர்ந்துதான் பள்ளிகள் ஓடுகின்றன. எனவே, மாவட்ட எல்லை எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பது ஒரு குழந்தையின் வகுப்பறையையே தீர்மானித்துவிடும்.

2012, 2013 ஆண்டுகளில் தனிப் பள்ளி மாவட்டம் கேட்டு அவர்கள் எடுத்த முயற்சி, தேவையான மூன்றில் இரு பங்கு ஆதரவு கிடைக்காமல் சட்டமன்றத்தில் தோற்றது. அதே கிழக்கு பேட்டன் ரூஜ் பாரிஷில் (பாரிஷ் என்பது லூசியானாவில் மாவட்டத்துக்கு நிகரானது) பேக்கர், ஸக்கரி, சென்ட்ரல் ஆகிய ஊர்கள் ஏற்கெனவே சொந்தப் பள்ளி நிர்வாகம் பெற்றிருந்தன. மூன்றும் தனி நகராட்சிகள். சென்ட்ரல் 2005-இல் நகரமாகி, 2007-இல் பள்ளிகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. செயின்ட் ஜார்ஜும் அதே வழியைப் பிடித்தது.

அந்தப் பெற்றோரின் குறை பொய்யல்ல. பாரிஷ் பள்ளிகளின் தரத்தில் நம்பிக்கை இழந்து, பள்ளி வரியையும் கட்டிக்கொண்டு தனியார் பள்ளிக்கும் பணம் கட்டும் குடும்பங்கள் அங்கே ஏராளம். வீட்டுக்கு அருகே, கணக்குக் கேட்கக்கூடிய தொலைவில் ஒரு நிர்வாகம் இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. இந்த இயக்கத்தை நிறவெறி என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால், வரலாற்றை மறைத்துவிட்டும் இதைப் பேச முடியாது. பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கக் கோரி அந்தப் பாரிஷ் பள்ளி வாரியத்தின் மீது 1956-இல் தொடரப்பட்ட வழக்கு 2003-இல்தான் சமரசத்துக்கு வந்தது, நாற்பத்தேழு ஆண்டுகள்! மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும்படி 1981-இல் நீதிமன்ற உத்தரவு வந்ததும், வெள்ளையர் குடும்பங்கள் தனியார் பள்ளிகளுக்கும் அண்டைப் பாரிஷ்களுக்கும் கூட்டம் கூட்டமாகப் போயின. இன்று தரம் கெட்டுவிட்டது என்று சொல்லப்படும் பள்ளிகள், அப்படிக் கைவிடப்பட்டவை.

வரைபடத்தையும் பாருங்கள். 2015-இல் கொடுத்த முதல் மனு, ஏறக்குறைய 18 ஆயிரம் கையெழுத்து தேவைப்பட்ட இடத்தில் வெறும் 71 கையெழுத்துக் குறைவால் தள்ளுபடியானது. அந்த மனுவில் இருந்த நகரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 2018-இல் இரண்டாவது மனு வந்தபோது எல்லை சுருங்கிவிட்டது. முதல் முறை ஆதரவு குறைவாக இருந்த இடங்களை விட்டுவிட்டோம் என்றனர் அமைப்பாளர்கள். அப்படி விடுபட்டவற்றில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த பகுதிகளும் இருந்தன. மிஞ்சிய நகரத்தில் கறுப்பினத்தவர் 15 விழுக்காட்டுக்கும் குறைவு. பக்கத்திலேயே இருக்கும் பேட்டன் ரூஜிலோ அவர்கள் பாதிக்கும் மேல். யார் மனத்தில் என்ன இருந்தது என்று நாம் தேட வேண்டாம். ஆதரவாளர்கள் இருக்கும் இடத்தைப் பார்த்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் மட்டும் வாக்கெடுத்தால் முடிவு வேறு எப்படி வரும்?

என் எதிர்ப்பு இங்கேதான். 2019-இல் வாக்களித்தவர்கள் உத்தேச நகர எல்லைக்குள் வசித்தவர்கள் மட்டுமே. பேட்டன் ரூஜ்வாசிகளுக்கு வாக்கு இல்லை. வரைபடத்திலிருந்து வெட்டப்பட்ட பகுதியினருக்கும் இல்லை. இழப்போ அவர்களுக்குத்தான். அந்தப் புறநகரில் வசூலான 2 விழுக்காடு விற்பனை வரி, மாநகரமும் பாரிஷும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிர்வாகத்தின் பொது நிதிக்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் வரைபடத்தின்படி நகரம் பிரிந்தால், அந்த நிர்வாகத்துக்கு ஆண்டுக்கு 5.3 கோடி டாலர் துண்டு விழும் என்று பொருளாதார அறிஞர்களின் ஆய்வு ஒன்று அப்போதே சொன்னது.

இத்தனைக்கும் லூசியானாவின் அரசமைப்புச் சட்டத்திலேயே இதைவிட நேர்மையான வழி இருக்கிறது. தனிப் பள்ளி மாவட்டத்துக்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டும். ஒரு பாரிஷை மட்டும் பாதிக்கும் திருத்தம் என்றால், மாநில அளவில் பெரும்பான்மை பெற்றாலும் போதாது. அந்தப் பாரிஷ் வாக்காளர்களின் பெரும்பான்மையும் வேண்டும். அதாவது, பள்ளியைப் பிரிக்கும்போது பிரியாமல் எஞ்சி நிற்பவரிடமும் சம்மதம் கேட்கிறார்கள். நகரத்தைப் பிரிக்கும்போது கேட்பதில்லை. செயின்ட் ஜார்ஜ் பள்ளி மாவட்டத்துக்கான திருத்தத்தை 2025-இல் சட்டமன்றம் நிறைவேற்றி மக்கள் வாக்குக்கு அனுப்பியது. நகரத்துக்கும் இதே விதி இருந்திருந்தால், பிரிவினை கேட்டவர்கள் வரைபடத்தைச் சுருக்கியிருக்க மாட்டார்கள்; அண்டை வீட்டாரிடம் போய்ப் பேசியிருப்பார்கள்.

ஜார்ஜியா மாநிலம் இன்னொரு வழியில் போனது. அதன் 1945 அரசமைப்பு புதிய நகரப் பள்ளி மாவட்டங்களுக்குக் கதவை அடைத்துவிட்டது. அதனால் அட்லாண்டாவின் புறநகர்களான சாண்டி ஸ்பிரிங்ஸ் 2005-இலும் டன்வுடி 2008-இலும் நகரங்களாகி, சொந்தக் காவல்துறை வைத்துக்கொண்டபோதும், குழந்தைகள் அண்டை ஊர்க் குழந்தைகளோடு கவுன்டி (பாரிஷுக்கு நிகரானது) பள்ளிகளிலேயே படிக்கிறார்கள். டன்வுடிக்காரர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. என்றாலும், சாலைக்கும் குப்பைக்கும் தனி நிர்வாகம், பள்ளிக்குப் பொது நிர்வாகம் என்பது நடக்கக்கூடிய ஏற்பாடு என்று அது காட்டிவிட்டது.

பிரிந்தே தீர வேண்டும் என்றால் மெம்பிஸ் அனுபவத்தைப் படிக்க வேண்டும். டென்னசியில் 2013-இல் மெம்பிஸ் நகரப் பள்ளிகளும் ஷெல்பி கவுன்டி பள்ளிகளும் இணைந்தன. அடுத்த ஆண்டே ஆறு புறநகர்கள் தனிப் பள்ளி மாவட்டங்களாகப் பிரிந்து போயின. அவற்றுள் ஒன்றான ஜெர்மன்டவுனுக்குள், அந்த ஊரின் பெயரையே தாங்கிய மூன்று பள்ளிகள் இருந்தன. படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வெளியே இருந்து வந்தவர்கள். ஆகவே, கவுன்டி நிர்வாகம் அவற்றைத் தர மறுத்தது. சொந்த ஊர் நடுவே, சொந்தப் பெயரில், பிறர் பள்ளிகள்! மாநிலம் புதுச் சட்டம் இயற்றிய பிறகு 2022-இல்தான் அந்தத் தகராறு உடன்பாட்டுக்கு வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் மருத்துவச் செலவு யார் பொறுப்பு என்பதும் அங்கே பெரிய சண்டையாகி, புறநகர்கள் தவணையில் பணம் கட்ட ஒப்புக்கொண்டன.

பேட்டன் ரூஜில் எழுந்த கவலையும் இதுதான். மாணவர்கள் பிரிந்து போனால் அவர்களுக்கான நிதியும் கூடப் போய்விடும். பல பத்தாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களின் மருத்துவக் காப்பீட்டுச் சுமை மட்டும் பழைய நிர்வாகத்தின் தலையிலேயே நிற்கும். புறநகர்க் குழந்தைகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். எந்தப் பிரிவினையிலும் இந்தச் சுமையில் உரிய பங்கை எழுத்தில் ஏற்றுக்கொள்ளாமல் வாக்குச் சீட்டை அச்சிடக் கூடாது. பள்ளிக் கட்டடத்துக்கு என்ன விலை, எல்லைக்கு வெளியே இருந்து ஏற்கெனவே வந்து படிக்கும் பிள்ளைகள் அதே பள்ளியில் படிப்பை முடிக்கலாமா என்பவற்றையும் அதே ஒப்பந்தத்தில் எழுதி, அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் வாக்குரிமை தர வேண்டும்.