தீர்ப்பே வராத வழக்குக்கு எத்தனை முறை தண்டனை?

மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சர் திருவாட்டி ஜோசஃபின் டியோ அவர்களுக்கு,

சாங்கியில் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விடுமுறை விடுதிகளில் பராமரிப்பாளராக வேலை பார்த்த அய்யாக்கண்ணு, 1984 டிசம்பரில் காணாமற்போனார். பெயரைச் சொன்னால் சிங்கப்பூரில் அநேகருக்கு ஆளைத் தெரியாது. 'கறிக் கொலை' என்றால் உடனே தெரியும்; கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்புகூட வரும். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித் தமிழ்ப் பிள்ளைகளைச் சீண்டியதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நடந்தவற்றில் பதிவாகியிருப்பது கொஞ்சம்தான். காவல்துறைக்குக் கிடைத்த துப்பை வைத்து, 1987 மார்ச்சில் அவர் மனைவி உட்பட உறவினர் ஆறு பேர்மீது குற்றம் சுமத்தப்பட்டது. ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு தேவாலயத்தின் பராமரிப்பாளர் குடியிருப்பில் அவர் கொல்லப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. உடலை என்ன செய்தார்கள் என்று சொல்லப்பட்டதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதை எழுத ஆளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஜூன் 6ஆம் தேதி நீதிமன்றத்தில் அரசுத் தரப்பிடம் போதிய சான்று இல்லை என்றானது. ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அது முழு விடுதலை அல்ல. புதிய சான்று கிடைத்தால் மறுபடியும் குற்றம் சாட்டலாம் என்ற வகை விடுவிப்பு. அப்படி மறுபடியும் யார்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. மனைவியின் சகோதரர்கள் மூவர் மட்டும் குற்றவியல் தற்காலிக விதிகள் சட்டத்தின்கீழ், விசாரணையே இல்லாமல் நான்கு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்து 1991இல் வெளியே வந்தார்கள்.

இந்த ஆறு பேரில் ஒருவரையும் எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொன்னதில்லை. ஆனால் தொலைக்காட்சி சொல்லியிருக்கிறது. நாடகமாக நடித்துக் காட்டினார்கள், புத்தகத்தில் சேர்த்தார்கள், இப்போது கைப்பேசியில் பத்து நிமிடக் காணொளிகளாக ஓடுகிறது. அடுப்பு, பானை, ஆவி, பின்னணி இசை என்று எல்லாம் நேரில் நின்று பார்த்ததுபோல வரும். 'சான்று இல்லாததால் விடுவிக்கப்பட்டனர்' என்ற வரி, பார்ப்பவர் எல்லாவற்றையும் நம்பி முடித்தபிறகு கடைசியில் வரும். அப்போது அது நீதிமன்றம் சொன்ன முடிவாகவா காதில் விழுகிறது? தப்பித்துவிட்டார்கள் என்றுதான் விழுகிறது.

'உடல் கிடைக்கவில்லை, வேறு என்ன செய்ய முடியும்' என்று தேக்காவில் டீ குடித்துக்கொண்டு பேசுகிறவர்கள்கூடச் சொல்வதுண்டு. ஆனால் இதே ஊரில் சன்னி ஆங் என்பவர்மீது வழக்கு நடந்திருக்கிறது. 1963இல் அவரோடு தீவுகளை ஒட்டிய கடலுக்கு முக்குளிக்கப் போன இளம்பெண் திரும்பவில்லை. உடல் கிடைக்கவே இல்லை. அவள் பெயரில் எடுத்த பெருந்தொகைக் காப்புறுதி, வார் வெட்டுப்பட்ட நீச்சல் துடுப்பு என்று ஒவ்வொன்றாக நீதிமன்றத்தில் வைத்து, குறுக்கு விசாரணை செய்து, 1965இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஆகவே உடல் இல்லாதது மட்டும் ஒரு வழக்கைக் கவிழ்த்துவிடாது. சன்னி ஆங்கின் கதையை இன்று யார் சொன்னாலும் அது சோதித்துப் பார்க்கப்பட்ட கதை. அய்யாக்கண்ணு வழக்கில் அந்தச் சோதனையே நடக்கவில்லை. இரண்டையும் ஒரே வரிசையில், ஒரே தொனியில் சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை.

பொதுவில் விசாரித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பேருந்து மோதி வெளிநாட்டு ஊழியர் சக்திவேல் குமாரவேலு இறந்தார், கலவரம் மூண்டது. வதந்திகள் பறந்தன. ஆனால் முன்னாள் நீதிபதி ஜி.பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது, சாட்சிகளைப் பொதுவில் கேட்டது, அடுத்த ஆண்டே அறிக்கை தந்தது. அதனோடு ஒருவர் உடன்படலாம், உடன்படாமலும் போகலாம். வதந்தி பேசுகிறவர் முன்னால் எடுத்து வைக்க ஏதோ ஒன்று கையில் இருக்கிறது. அய்யாக்கண்ணுவின் பிள்ளைகள் எதை எடுத்து வைப்பார்கள்?

சட்டம் ஓரளவு காக்கிறது, மறுக்கவில்லை. வழக்கு நடக்கும்போது தீர்ப்பைப் பாதிக்கும்படி எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டோரின் பெயரும், வழக்கில் சிக்கிய சிறுவர்களின் பெயரும் வெளிவராது. வழக்கு முடிந்தபின், அதுவும் தீர்ப்பே இல்லாமல் முடிந்தபின், கதை சொல்கிறவர் கையைப் பிடிக்க ஏறக்குறைய யாருமில்லை. அவதூறு வழக்குப் போடலாமே என்பார்கள். எல்லாவற்றையும் மறுபடியும் ஊரறியத் தோண்டிப் போட எந்தக் குடும்பம் துணியும்?

இங்கே உங்களால் செய்ய முடிந்தது உண்டு. மீடியாகார்ப்பின் பொதுச் சேவை நிகழ்ச்சிகளுக்கு அரசு பணம் தருகிறது. எஸ்பிஎச் மீடியாவுக்கு ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி வரை தரப்படும் என்று 2022இல் நாடாளுமன்றத்தில் சொன்னவரே நீங்கள்தான். அந்தப் பணத்தோடு ஒரு நிபந்தனை சேரட்டும்: யாரும் தண்டிக்கப்படாத வழக்கைச் சொல்லும்போது அந்த முடிவை முதலிலேயே சொல்ல வேண்டும், நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டை நடந்த காட்சியாக நடித்துக் காட்டக்கூடாது, ஒளிபரப்புக்கு முன் குடும்பத்தாருக்குத் தகவல் போக வேண்டும், அவர்கள் பேச விரும்பினால் இடம் தர வேண்டும். காணொளி போடும் தனியாட்களை இது கட்டுப்படுத்தாது என்பது தெரியும். அவர்கள் பெரும்பாலும் எடுத்தாள்வது பெரிய ஊடகங்கள் சொன்னதைத்தான்.

பழைய செய்திகளை அழிக்கச் சொல்லவில்லை. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்க் காப்பகத்தில் 1987இன் தலைப்புகள் அப்படியே இருக்கட்டும். ஊர் எப்படிப் பேசியது என்பதும் வரலாறுதான். ஆனால் கைதுச் செய்தியைத் திறப்பவருக்கு விடுவிப்புச் செய்தியும் பக்கத்திலேயே தெரியும்படி இணைப்பு வைக்கலாம். வாரியம் உங்கள் அமைச்சின்கீழ்தான் இருக்கிறது. இதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், இந்தக் கதையால் நாற்பது ஆண்டுகளாகக் கூனிக் குறுகுகிறவர்கள் தமிழ் வாசிப்பவர்கள். உங்கள் பதிலையும் தமிழில் வெளியிட ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
சிராங்கூன் ரோடு வட்டாரவாசி ஒருவன்