ஐஸ்கிரீம் டப்பாவில் மாவடு

போன ஞாயிற்றுக்கிழமை மயூர் விகாரில் ஒரு நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. தயிர்சாதத்துக்கு மாவடு வந்தது. வந்தது சரி, எதில் வந்தது என்பதுதான் விஷயம். ஒரு லிட்டர் வெனிலா ஐஸ்கிரீம் டப்பா. மூடியில் இருந்த படம் பாதி அழிந்து போய், டப்பாவின் உள்பக்கம் முழுக்க ஆரஞ்சு நிறம் ஏறியிருந்தது.

"எத்தனை நாளா இதுல இருக்கு?" என்றேன்.

"போன மார்ச்ல அம்மா அனுப்பினாங்க. ஏன், நல்லாத்தானே இருக்கு?"

இப்போது ஜனவரி. பத்து மாசம். நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. நாலு வடு தின்றேன். ஐந்தாவதில் லேசாக வெனிலா அடித்தது மாதிரி இருந்தது. பிரமையாகவும் இருக்கலாம். அங்கே வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன், அதனால்தான் இங்கே இவ்வளவு நீளம்.

மக்களே, டெல்லியில் நான் போகிற தமிழ் வீடுகளில் பாதியில் இதே கதைதான். மாவடு, எலுமிச்சை ஊறுகாய், இட்லி மாவு, எல்லாம் பிளாஸ்டிக். ஊரில் இதே ஆட்களின் அம்மாக்கள் ஜாடிக்கு வேட்டித் துணியால் வேடு கட்டி, ஈரக்கை படக் கூடாது என்று வீட்டையே மிரட்டுவார்கள். ரயில் ஏறியதும் அந்த ஆசாரமெல்லாம் விஜயவாடாவிலேயே இறங்கிவிடுகிறது போல.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "பிளாஸ்டிக் என்றாலே விஷம்" என்று வாட்ஸப்பில் வருகிற கோஷ்டி நான் இல்லை. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும், பாருங்கள். 2 என்றால் ஹெச்டிபிஇ, 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். இரண்டும் உணவுக்கு ஏற்றவையாகச் செய்யப்படுகிறவைதான். 3 என்பது பிவிசி, 6 பாலிஸ்டைரீன், 7 என்றால் இதர வகையறா, அதற்குள் எது வேண்டுமானாலும் இருக்கும். எண்ணே இல்லாத டப்பாவில் குண்டூசி போட்டு வையுங்கள்.

ஐஸ்கிரீம் டப்பா பெரும்பாலும் 5தான். அப்புறம் என்ன பிரச்சினை? அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதுதான் பிரச்சினை. ஃப்ரீசரில் உறைந்து கிடக்கிற இனிப்புப் பாலுக்காகச் செய்தது. ஒருமுறை வாங்கி, தின்று, தூக்கிப்போட வேண்டியது. நாம் அதில் போடுவது என்ன? உப்பு, புளிப்பு, மிளகாய், கடுகு, விளக்கெண்ணெய். வைப்பது எங்கே? டெல்லி மே மாதத்தில் 45 டிகிரி காயும்போது அடுப்பங்கரை மேல்தட்டில். அதுவும் ஒரு வருஷம். எஃப்எஸ்எஸ்ஏஐ 2018ல் கொண்டு வந்த பேக்கேஜிங் விதிகளில், பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்குகிற மொத்தப் பொருள் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பு வைத்திருக்கிறார்கள் என்றாலே ஏதோ கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று அர்த்தம். கம்பெனிக்காரன் அந்த வரம்புக்குக் கட்டுப்படுவது அவன் விற்கிற பண்டத்துக்கு. நம்ம வீட்டு மாவடுவுக்கு யாரும் எந்த உத்தரவாதமும் கொடுக்கவில்லை.

அந்த ஆரஞ்சு நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளின் நிறமும் மிளகாயின் நிறமும் எண்ணெயில் கரைகிறவை. எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுகின்றன. அதனால்தான் எத்தனை சபீனா போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. வாசனையும் அப்படித்தான். கண்ணாடியில் இந்த வேலையே நடக்காது. கழுவினால் முடிந்தது, நேற்று பூண்டு ஊறுகாய் இருந்ததா நெய் இருந்ததா என்று பாட்டிலுக்கே ஞாபகம் இருக்காது.

தேய்ப்பது என்றதும் இன்னொன்று. பிளாஸ்டிக்கைக் கம்பி நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். அந்தக் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற கிருமிகளைச் சோப்பும் தொடாது, வெந்நீரும் சரியாகத் தொடாது. வெளிநாடுகளில் வீட்டிலேயே பியர் போடுகிறவர்களுக்குள்ளும் இந்தச் சண்டை ரொம்ப காலமாக நடக்கிறது, பிளாஸ்டிக் வாளியா, கண்ணாடிக் குடுவையா என்று. வாளிக் கட்சி சொல்வது: எடை இல்லை, உடையாது, கையைக் கிழிக்காது, இரண்டு மூன்று வாரத்தில் முடிகிற சமாச்சாரத்துக்கு இது போதும். ஆனால் அவர்களே கீறல் விழுந்த வாளியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மாசக்கணக்கில் வைப்பதென்றால் கண்ணாடிக்கு மாறிவிடுகிறார்கள், பிளாஸ்டிக் வழியாகக் காற்று மெதுவாக உள்ளே கசியும் என்பதால். நம் மாவடு மாசக்கணக்குச் சரக்குதானே?

இப்போது என் வண்டவாளம். சொல்லாவிட்டால் தங்கமணி சொல்லிவிடுவாள்.

2023 பிப்ரவரி. எதிர் ஃப்ளாட் பஞ்சாபி ஆன்ட்டி காஞ்சி போடச் சொல்லிக் கொடுத்தார். (நம்ம ஊர் கஞ்சி இல்லை. கறுப்புக் கேரட்டை நறுக்கி, கடுகுப் பொடி, உப்பு, தண்ணீர் சேர்த்து நாலைந்து நாள் வெயிலில் புளிக்க வைக்கிற பானம். குளிர்காலம் முடிகிற சமயத்தில் வட இந்திய வீடுகளில் போடுவார்கள்.) "வாயில மல்மல் துணி கட்டி வை பேட்டா" என்றும் சொன்னார். நான் இன்ஜினியர் ஆச்சே! தூசு விழும் என்று கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரைக்கும் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி பால்கனியில் வைத்தேன். புளிக்கும்போது கார்பன் டையாக்ஸைடு வரும், அதற்கு வெளியே போக வழி வேண்டும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். நாலாம் நாள் காலையில் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் பால்கனி முழுக்க ஊதா நிறம், பொண்ணோட ஸ்கூல் ஷூவுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. அவளுக்கு அப்போது ஆறு வயசு. இன்னும் பத்து நிமிஷம் கழித்து வெடித்திருந்தால் அவள் அங்கே உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருப்பாள்.

தங்கமணி அதிகம் பேசவில்லை. "இனிமே கண்ணாடி இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்க" என்றாள், அவ்வளவுதான். அடுத்த நாள் ஐந்து பிளாஸ்டிக் டப்பா வந்து இறங்கியது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் நானும் அதில்தான் ஊறுகாய் தின்றேன், எதிர்த்துப் பேச யோக்கியதை இல்லாமல்.

ஆகவே கண்ணாடி வெடித்த வீட்டுக்காரன்தான் சொல்கிறேன்: தப்பு கண்ணாடி மேல் இல்லை, மூடியைத் திருகின ஆள் மேல். புளிக்கிற சரக்கைக் கால்வாசி இடம் விட்டு ஊற்ற வேண்டும், துணி கட்ட வேண்டும், இல்லை மூடியைத் தளர்வாக வைக்க வேண்டும். டெல்லிக் குளிரில் சில்லிட்டுக் கிடக்கிற பாட்டிலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும், அதையும் செய்யக் கூடாது. இவ்வளவுதான். பிளாஸ்டிக் இந்தத் தப்பையெல்லாம் மன்னித்துவிடும், வாஸ்தவம். உப்பிக்கொண்டு நிற்குமே ஒழிய வெடிக்காது. அதற்காக ஒரு வருஷத்து ஊறுகாயை அதில் குடி வைக்க முடியுமா?

மாவு விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இட்லி மாவுக்குக் கண்ணாடி வேண்டாம், கனம், வழுக்கும். எங்கள் வீட்டில் எவர்சில்வர் தூக்கு. "ஜனவரில ஸ்டீல் சில்லுனு ஆயிடும், பிளாஸ்டிக்னா சூடு நிக்கும்" என்று ஒரு மாமி வாதம் பண்ணினார். மாமி, சூட்டை நிறுத்துவது ரஜாய், டப்பா இல்லை. தூக்கை ரஜாய்க்குள் சுற்றி வைத்தால், சென்னையில் எட்டு மணி நேரத்தில் பொங்குவது இங்கே பதினாறு, பதினெட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். (ரஜாயைத் துவைக்கிற வேலை என்னுடையது.)

ஊறுகாய்க்கு மட்டும் ஜாடி. ஹிந்தியில் மர்த்தபான் என்பார்கள், பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தின் பெயர் அது. நம் ஜாடிக்கு அக்காதான். உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவில் செய்கிறார்கள், டெல்லியில் சாலையோரப் பீங்கான் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். அலங்கார வர்ணம் பூசினதை வாங்காதீர்கள். உள்பூச்சு வெடித்திருந்தால் பாட்டி காலத்து ஜாடியாக இருந்தாலும் ஊறுகாய் போடாதீர்கள். பூச்சில் ஈயம் இருந்தால் புளிப்பில் இறங்கும், அது பிளாஸ்டிக்கை விட மோசம்.

"வாடகை வீடு, மூணு வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர், ஜாடியை எங்கே தூக்கிட்டு அலையறது?" என்பார்கள். தெரியும். என் முதல் ஜாடி புனேயிலிருந்து இங்கே வரும்போது லாரியிலேயே இரண்டாகிவிட்டது. மூட்டை கட்டினவர்கள் அதைக் குக்கருக்கு அடியில் வைத்திருந்தார்கள். இன்னொன்று வாங்கினேன். அறுபது இன்ச் டிவியைத் தெர்மாகோல் சுற்றி மூன்று ஊர் கொண்டு போகிறோமே, அதற்கு மட்டும் வலிப்பதில்லையா?

கடைசியாக அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "ஏம்மா நீங்க ஜாடியில போட்டுட்டு எனக்கு மட்டும் டப்பாவில அனுப்பறீங்க?"

"ஏன்டா, ஜாடியை ரயில்ல யார் மடியில வெச்சு அனுப்பறது? ரெண்டு ராத்திரிக்காகத்தான் டப்பா. வந்ததும் மாத்திக்கோன்னு நான் சொல்லலையா?"

சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் சொல்லியிருக்கிறார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி டப்பாவில் வருவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. வந்து இறங்கிய பிறகு பத்து மாசம் அதிலேயே கிடக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

போன மார்ச் மாவடு வந்த அன்றைக்கே ஜாடிக்குப் போய்விட்டது. டப்பாவில் இப்போது துணி க்ளிப் இருக்கிறது. அடுத்த சரக்கு அனுப்ப அதைத் திருப்பிக் கொண்டு வரச் சொல்லி அம்மா போன வாரம் போன் பண்ணினார். மூடியைத்தான் காணோம்.