உடல் அடங்கின் உள்ளம் அடங்கும்

பாங்கோசை கேட்கின்றது. உளூச் செய்து, கிப்லாவை முன்னோக்கி நின்று, தக்பீர் கட்டுகின்றோம். கைகள் கட்டப்பெற்ற அக்கணமே உள்ளம் கட்டவிழ்ந்து ஓடுகின்றது. கடைக் கணக்கு, பிள்ளையின் படிப்புச் செலவு, அடுப்பில் வைத்த பால் யாவும் அணிவகுத்து வருகின்றன. ஸலாம் கொடுத்த பின்னர், ஓதியது எந்த சூரா என்பதும் நினைவில் இல்லை. இந்நிலையை அறியாதார் நம்முள் எவர்?

திருமறையின் 23ஆம் அத்தியாயமாகிய ‘அல் முஃமினூன்’, வெற்றி பெறும் விசுவாசிகளின் பண்புகளை வரிசைப்படுத்துகின்றது. அவ்வரிசையின் தலைப்பில் நிற்பது தொழுகையில் உள்ளச்சம். முடிவில் நிற்பது தொழுகைகளைப் பேணிக் காத்தல். வேளை தவறாமை உள்ளச்சத்திற்கு ஈடாகாது. உள்ளச்சம் வேளை தவறாமைக்கு ஈடாகாது. இரண்டும் வேண்டும்.

அங்ஙனமாயின், ஓடும் உள்ளத்தை நிறுத்துவது எவ்வாறு? இதற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி எளியது. பள்ளிவாசலில் ஒருவர் தொழுதுவிட்டு வந்து ஸலாம் கூறினார். திரும்பிச் சென்று தொழுமாறும், அவர் தொழவே இல்லை என்றும் பெருமானார் மொழிந்தார்கள். மும்முறை இவ்வாறே நிகழ்ந்தது. இதனினும் நன்றாகத் தொழத் தமக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என அவர் வேண்டினார். ருகூவில் அமைதியுறும் வரை நிற்கவும், பின்னர் நேராக நிமிரவும், ஸுஜூதிலும் இருப்பிலும் அமைதியுறும் வரை தங்கவும் கற்பித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் காணும் செய்தி இது.

சிந்தித்துப் பாருங்கள்! உறுப்புகளை நிலைநிறுத்துவதையே முதற்பாடமாக அளித்தார்கள். காகம் கொத்துவது போன்று குனிந்து நிமிரும் உடலினுள் உள்ளம் எங்ஙனம் தங்கும்?

நாளொன்றின் 17 ரக்அத் ஃபர்ளான தொழுகையில் 34 ஸுஜூதுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இன்னும் ஒரு மூச்சு நேரம் தங்கினாலும் நாள் முழுமைக்கும் கூடுவன சில நிமிடங்களே. அந்நேரமும் நம்மிடம் இல்லையா?

கண்ணையும் கருத்தையும் கவர்வனவற்றை முன்னரே அகற்றுதல் அடுத்த வழி. வேலைப்பாடமைந்த ஆடையொன்று தொழுகையில் கவனத்தை ஈர்த்தபோது, அதனை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வேலைப்பாடற்ற ஆடையைக் கொண்டுவருமாறு நபிகளார் கூறினார்கள். உணவு பரிமாறப்பட்டிருப்பின் முதலில் உண்ணுமாறும் அறிவுறுத்தினார்கள். நாமோ முஸல்லாவின் அருகிலேயே செல்பேசியை வைத்துக்கொண்டு தக்பீர் கட்டுகின்றோம்! வீட்டில் ஒருவர் தொழுங்கால் தொலைக்காட்சியின் ஒலியை அடக்குவது ஏனையோர் செய்யத்தக்க நற்பணியன்றோ?

இத்தனைக்குப் பின்னும் எண்ணம் சிதறலாம். மனம் தளர வேண்டாம். தொழுபவரிடம் ஷைத்தான் வந்து பலவற்றை நினைவூட்டுவான் என நபிகளார் முன்னரே எச்சரித்துள்ளார்கள். மறதியை ஈடுசெய்யவே ஸஜ்தா ஸஹ்வும் கற்பிக்கப்பட்டுள்ளது. ஓடிய உள்ளத்தை ஓதும் வசனத்தின் பொருளுக்கு மீண்டும் அழைத்து வாருங்கள்.

பெற்றோரே! தொழுகையை நம் பிள்ளைகள் நூல்களில் கற்பதற்கு முன்பே நம் முதுகைப் பார்த்துக் கற்கின்றனர். நம் அவசரமே அவர்களின் தொழுகையாகிவிடலாகாது. இன்றைய ஜும்ஆவிலிருந்தே நிதானத்தைத் தொடங்குவோம். உள்ளச்சமுடைய தொழுகையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.